கரி பூசிய ரயர்

நெடுங்கேணிச் சந்தியில் ஜெயரூபி வண்டிச் சில்லுகளுக்கு ரயர் மாட்டும் கடை போட்டு ஒன்பது வருடமாகிறது. முதல் மாதங்களில் உழவு இயந்திரக்காரர்கள் உள்ளே எட்டிப்பார்த்து, ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அதே ஆட்கள் பெரிய சில்லை உருட்டிக்கொண்டு வந்து அவளிடம் விட்டுவிட்டு, நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள்.

பக்கத்துக் கொட்டிலில் கணவன் சிவகரன் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். நல்ல வேலைக்காரன். ஆனால் நானூறு மீற்றர் வண்டியோட்டம் என்றால் அவனுக்குப் பைத்தியம். வளைவே இல்லாத தார்ப்பாதையில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் நேரே பாயவேண்டும். பதினைந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

போன வருடம் வவுனியாவுக்கு வெளியே நடந்த ஓட்டத்தில் அவன் விழுந்தான். புறப்பட்ட வேகத்தில் பின்சில்லு தரையைப் பிடிக்காமல் சுழன்று, வண்டியின் பின்பக்கம் நெளிந்து, அவனைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. ஜெயரூபி கம்பி வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தாள். அவன் அசையாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் கதைத்ததில்லை. மூன்று மாதம் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டதும் தலை சீவிவிட்டதும் அவள்தான்.

இந்த வருடமும் அவன் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அவள் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு நாள் கதைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவனுடைய கூட்டாளி சுமன் தடித்த ரயர் ஒன்றோடு வந்தான். பழையதைவிட இரண்டு விரல் அகலம். அகலமான ரயர் தரையைக் கூடப் பிடிக்கும், இனி வழுக்காது என்று இரண்டு பேருக்கும் ஒரே சந்தோசம். மாட்டுகிற வேலை ஜெயரூபியிடம் வந்தது.

மாட்டும்போதே அவளுக்கு மனம் ஒப்பவில்லை. சில்லின் உலோக வளையமான றிம் ஒடுக்கமானது. அது ரயரின் இரு ஓரத்தையும் உள்ளே இழுத்துப் பிடித்ததில், நடுப்பகுதி கூன் விழுந்த முதுகுபோல எழும்பி நின்றது. சொல்லிப் பார்த்தாள். கொழும்பில் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்று சுமன் சிரித்தான்.

அவள் அடுப்புக்கரியை இடித்து எண்ணெயில் குழைத்து ரயரில் பூசினாள். தரையில் ஒரு காட்போட் மட்டையை வைத்து, பின்சில்லை அதன்மேல் இறக்கி, சிவகரனை ஏறி இருக்கச் சொன்னாள். பிறகு தூக்கிப் பார்த்தபோது மட்டையில் ஒரு ஒடுங்கிய கரிக்கோடு மட்டும் இருந்தது. அடுத்து அந்த றிம்முக்கு உரிய அளவில் புது ரயர் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்து மாட்டி, காற்றை முப்பத்துமூன்று இறாத்தலிலிருந்து இருபத்திநாலுக்கு இறக்கி, அதேபோலக் கரி பூசி, அவனை ஏற்றி இன்னொரு மட்டையில் பதித்தாள். இந்தத் தடவை ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கரி பரவியிருந்தது.

"தரையில படுறது இவ்வளவுதான். உங்கட உயிர் நிக்கிறதும் இதிலதான்," என்றாள். "எதில ஏறப்போறியள் எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

சிவகரன் இரண்டு மட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். "பெரிசு எண்டால் கூடப் பிடிக்கும் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"சேத்துக்க இறங்கேக்க உழவு மிசின்காரர் ஏன் காத்தை இறக்கீனம்? ரயர் அதேதான். தட்டையாகி நிலத்தில கூட இடம் பிடிக்குது."

தடித்த ரயர் சுமனோடு திரும்பிப் போனது. ஓட்டத்துக்கு முந்திய நாள் அந்தப் பாதையிலேயே பழக விட்டார்கள். காற்றை இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே என்று சிவகரன் பதினெட்டுக்குக் கொண்டுபோனான். வேகம் பிடித்ததும் மெத்துப்போன ரயர் துவண்டு, வண்டி ஆடத் தொடங்கியது. அவன் பாதியிலேயே திரும்பி வந்தான். ஜெயரூபி காற்றை இருபத்திரண்டுக்கு அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆட்டமும் இல்லை, வழுக்கலும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே தார் கொதித்தது. வெயிலில் காற்று விரியும் என்பதால் அவள் கடைசியாக ஒருமுறை அளந்து, கூடியிருந்ததைத் திறந்துவிட்டு, வேலிக்கு வெளியே வந்து நின்றாள். விளக்கு பச்சையானபோது கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிவகரனின் வண்டி பின்பக்கம் சற்றே பதிந்து, நூல் பிடித்ததுபோல நேரே போனது. பக்கத்துப் பாதையில் ஓடிய யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒரு வண்டி நீளத்தால் முந்தினான். அதை அவள் கவனிக்கவே இல்லை. சிவகரன் கடைசிக் கோட்டைத் தாண்டி, வேகம் குறைத்து, காலை ஊன்றி நின்றதைத்தான் பார்த்தாள். பிறகு புல்லில் குந்திவிட்டாள்.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். "தோத்துப்போனன்."

"ஓம். வடிவாத் தோத்தியள்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சுமன் கொஞ்சம் தள்ளி நின்றான். பிறகு மெதுவாக வந்து, தன்னுடைய வண்டியையும் ஒருக்கா பார்க்க முடியுமா, அக்கா, என்று கேட்டான். திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அங்கே விற்ற சோற்றுப் பாசல் இரண்டை வாங்கி, தன்னுடையதை முழுக்கச் சாப்பிட்டு, அவனுடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள். திரும்பும் வழியில், வண்டியை ஏற்றிய வாடகை வானுக்குள் அவன் தோளில் சாய்ந்தவள், புளியங்குளத்தில் நெடுங்கேணிப் பாதைக்கு வான் திரும்பியபோதும் கண் விழிக்கவில்லை.