உதறத் தெரியாத கை

“…உதறு உதறுன்னா எங்கேர்ந்து உதறும்மே? இருவது வருசமா உதறாத, உதறாதன்னு இந்தக் கைக்குச் சொல்லி வெச்சிகீறேன். இப்போ திடீர்னு உதறுன்னா அது யார் பேச்ச கேக்கும்?”

என் வீட்டுக்காரர் இப்படிச் சொல்லிவிட்டு டிவி விளையாட்டின் கட்டையைக் கட்டில்மேல் வைத்தபோது, நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம். நான், கப்பலில் வேலை பார்க்கிற என் தம்பி, கீழ்வீட்டு மீன்கார அக்கா. போன வருடம் ஆடி மாதம், திருவொற்றியூரில் எங்கள் மாடி வீட்டில் நடந்தது இது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்று நான் ஒரு பழமொழியை எடுத்து விட்டேன். அக்கா கை தட்டினாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் பேச்சோடு பேச்சாக ஏதாவது ஒரு சொலவடையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பது என் பழக்கம். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற கிரேன். பத்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கூண்டு, அதில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த வருடம் தை மாதம் எண்ணூர் சாலையில் ஒரு டிரெய்லருக்கு ஒதுங்கப் போய் வண்டியோடு விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் வேலை இல்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் உடனே கூண்டில் ஏற்றிவிட மாட்டார்கள். ஒரு நாள் மேலே ஏற்றிச் சோதித்துப் பார்ப்பார்கள். கை சரியில்லை என்று பட்டால் அவ்வளவுதான், கீழே நின்று லாரிக்கு வழி காட்டுகிற வேலை. அந்தச் சோதனை ஒரு திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். கேட்டால், “போனா தெரியும்” என்பார்.

விடுமுறைக்கு வந்திருந்த தம்பிதான், “மாமா சும்மா டாக்டர் குடுத்த பந்த அமுக்கிகினு உக்காந்துகினு கீறாரு, இத ஆடுனா கைக்கு நல்லா இருக்கும்” என்று பரணில் கிடந்த விளையாட்டுப் பெட்டியை இறக்கி டிவியில் மாட்டினான். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழசாக வாங்கியது. இடது கைக்கு ஒரு சின்னப் பிடி, வலது கைக்கு ஒரு வெள்ளைக் கட்டை. அந்தக் கட்டையை நாம் எப்படி ஆட்டுகிறோமோ அதைப் பார்த்துத் திரையில் இருக்கிறவன் ஆடுவான்.

திரையில் இருக்கிறவன் ஒரு குட்டி விண்வெளிக்காரன். தலையில் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி தொப்பி. அவன் ஓடுவது தரையில் இல்லை, ஆகாசத்தில் மிதக்கிற குட்டிக் குட்டி உருண்டைகளின் மேல். பத்து அடி ஓடினால் உருண்டையின் அடிப்பக்கத்துக்கு வந்துவிடுவான். தலைகீழாகத் தொங்குவான், ஆனால் விழ மாட்டான். முதல் நாள் நானும் அவனோடு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சாயங்காலம் கழுத்துக்குத் தைலம் தடவ வேண்டியதாயிற்று.

“இன்னாடா இது, தலகீழா ஓடிகினு கீறான், வுழமாட்டானா?” என்றாள் அக்கா.

“உருண்ட அவன இஸ்து புடிச்சிகினு கீதுக்கா. நம்மள பூமி புடிக்கல?”

“என்ன எங்கடா பூமி புடிச்சிகினு கீது? மூட்டு வலிதான் புடிச்சிகினு கீது.”

இரண்டு உருண்டைகளுக்கு நடுவே குதித்தால், எது கிட்டே இருக்கிறதோ அது அவனை இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்த அக்கா, “அட, ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதைடி இது. எந்த வூட்ல கொழம்பு வாசன வருதோ அங்க பூடுவான்” என்றாள். அதை அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எனக்கு அந்த விளையாட்டு பித்துப் பிடிக்க வைத்துவிட்டது. தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடக்க, நான் ஆகாசத்தில் குதித்துக்கொண்டிருந்தேன். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இது எப்படி என்று தெரிய வேண்டும். சரியாக நடுவில் குதித்தால் என்ன ஆகும்? இந்த உருண்டையும் இழுக்கும், அந்த உருண்டையும் இழுக்கும், அப்போது அவன் அந்தரத்திலேயே நின்றுவிடுவானா? அவரிடம் கேட்டேன். “நிக்காதும்மே. நூல் அளவு அசஞ்சாலும் ஒரு பக்கம் பூடும்” என்றார். நான் நம்பவில்லை. முப்பது தடவைக்கு மேல் குதித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் விளையாட உட்கார்ந்தால் அவரால் முடியவில்லை. தூரத்து உருண்டைக்குத் தாவும்போது, நடு ஆகாசத்தில் வலது கைக் கட்டையை வெடுக்கென்று ஓர் உதறு உதற வேண்டும். உதறினால் முதுகிலிருந்து நெருப்பு சீறி அவனை அக்கரைக்குத் தள்ளும். உதறாவிட்டால் கீழே இருக்கிற கருங்குழியில் விழுந்து காணாமல் போவான். நான் இருபது வருடமாகத் துணி உதறுகிறவள். அக்கா தினமும் மீன்கூடை உதறுகிறவள். எங்களுக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. அவரோ மணிக்கட்டை மெதுவாக, பூனை மேல் கை வைப்பது போலத் திருப்புவார். கட்டைக்கு அது போதாது. குழிதான். ஒன்று, இரண்டு, பதினோரு தடவை குழி. அப்போதுதான் நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சும், எங்கள் சிரிப்பும்.

சிரித்தேனே தவிர, அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கை போய்விட்டது, மறைக்கிறார், அதற்குத்தான் இந்தச் சாக்கு என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கூண்டுக்குப் போய், ‘அண்ணே அண்ணே’ என்று கூப்பிடுகிற அத்தனை பேருக்கும் முன்னால் தோற்று இறங்கினால் மனுஷன் என்ன ஆவார்? வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து போகிற நல்ல மனுஷர்.

“சார், அவருக்குக் கை இன்னும் சரியாகல. மேல ஏத்தாதீங்க. கீழயே ஒரு வேலை குடுத்துடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அவரு என்னாண்ட ஒண்ணும் சொல்லலியேம்மா?”

“அவர் சொல்ல மாட்டார் சார்.”

போனை வைத்தபோது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளையாட்டில் புதிதாக ஓர் இடம் திறந்தது. இங்கே உதறல் கிடையாது. அவன் ஒரு கண்ணாடிப் பந்தின்மேல் ஏறி நிற்கிறான். கட்டையை மெழுகுவத்தி மாதிரி நிமிர்த்திப் பிடித்து, சாய்க்கிற பக்கம் பந்து உருளும். பாதையோ ரிப்பன் அகலம், இரண்டு பக்கமும் வெறும் நட்சத்திரம். தம்பி நாலு எட்டில் விழுந்தான். நான் இரண்டு எட்டில். அக்கா ஏறினதும் விழுந்தாள். பந்து கொஞ்சம் ஓரம் போனாலே எங்கள் கை தானாக வெடுக்கென்று இழுத்துவிடுகிறது, பந்து மறுபக்கம் போய் விழுகிறது. ஆளுக்குப் பத்துத் தடவை செத்தோம்.

“இப்டி குடு” என்று அவர் கட்டையை வாங்கினார்.

பந்து கிளம்பியது. நான் திரையை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அசைகிறதா என்றே தெரியவில்லை. தையல் போட்ட தழும்பு மட்டும் மினுமினுத்தது. திரையில் பந்து வளைந்த இடத்தில் வளைந்து, குறுகின இடத்தில் ஓரம் தொடாமல், எண்ணெய் ஊற்றின மாதிரி போய்க்கொண்டே இருந்தது. நடுவே காற்று வீசித் தள்ளுகிற இடம் ஒன்று வந்தது. அங்கேயும் விழவில்லை. கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

“யப்பா நைனா!” என்று அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். தம்பி விசில் அடித்தான். எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை போட்ட போன் நினைவுக்கு வந்தது. அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உதறாதது நோயால் இல்லை. உதறாமல் இருப்பதுதான் அதன் தொழில். அதை அவர் வாய்விட்டே சொன்னார். நான் பழமொழி சொன்னேன்.

மொட்டை மாடிக்கு ஓடிப் போய்ச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் கை நன்றாகத்தான் இருக்கிறது, நான் சொன்னது தப்பு என்றேன். “நாளைக்கு வேற ஆள் பேரைப் போட்டுட்டேனேம்மா” என்றார்.

இறங்கி வந்து, தம்பியையும் அக்காவையும் கீழே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“யாரக் கேட்டும்மே போன் போட்ட?” என்றார். அவ்வளவுதான்.

“நீங்க பதினோரு தடவ விழுந்தீங்களே, அதான்…”

“வெளையாட்டுல வுழுந்ததப் பாத்தா?”

போனை எடுத்தார். “சார், நாளைக்கு ஆறு மணிக்கு வரேன். மேல ஏத்துறதும் ஏத்தாததும் உங்க இஷ்டம். ஆனா என் கை எப்டி கீதுன்னு என்னாண்ட கேளுங்க சார், வூட்டாண்ட கேக்காதீங்க.”

காலையில் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். எண்ணூர் தாண்டி, கழிமுகப் பாலம் தாண்டி, துறைமுக வாசலில் இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். நான் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது. ஆள் வெளியே வரவில்லை. அப்படியென்றால் திருப்பி அனுப்பவில்லை. ஏற்றினார்களா, இல்லையா?

மதில் சுவருக்கு மேலே கிரேன்களின் தலைகள் தெரிந்தன. அந்தரத்தில் தொங்குகிற பெட்டிகளும் தெரிந்தன. எண்ணிப் பார்த்தால் நாலு கிரேன். இதில் எது அவர்? கடைசிக் கிரேன் கோடு போட்ட மாதிரி பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது. ஓர் ஆட்டம் இல்லை. நேற்றுப் பார்த்த அதே கை. “அதோ, அதுதான் எங்க வீட்டுக்காரர்” என்று டீக்கடைக்காரரிடமே காட்டினேன். இரண்டாவது கிரேனில் தொங்கிய பெட்டியோ கடல் காற்றில் தூளி மாதிரி ஆடியது.

“எவனோ புச்சு போல” என்றார் டீக்கடைக்காரர். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நானும் உச்சுக் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்டம் எப்படியோ அடங்கி, பெட்டியும் இறங்கிவிட்டது.

பத்தரை மணிக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடைசி கிரேன்தானே? பார்த்தேன். கோடு போட்ட மாதிரி…”

“அது இல்ல. ரெண்டாவது.”

“அந்தப் பெட்டி ஆடிச்சே?”

“காத்து அடிச்சா ஆடத்தான் செய்யும். ஆடுறத நிறுத்தத் தெரியுதான்னுதான் பாப்பாங்க. சும்மா தொங்குறத எவன் வேணா தூக்குவான்.” கையை நீட்டிக் காற்றில் காட்டினார். “அது எந்தப் பக்கம் போவுதோ, அந்தப் பக்கமே நாமளும் கூடப் போவணும். அப்பால தானா நிக்கும். எதிர்ல வெட்டி இஸ்தா இன்னும் ஜாஸ்தி ஆடும்.” கையை மடியில் வைத்துக்கொண்டு, “புதன்கெழமலேர்ந்து சாரு மேல வரச் சொல்ட்டாரு” என்றார்.

ஒரே வாரத்தில் இரண்டு தடவை அதே கையைத் தப்பாகப் பார்த்திருக்கிறேன். முதலில் உதறாததைப் பார்த்து நோய் என்றேன், பிறகு பெட்டி ஆடியதைப் பார்த்து ஆள் புதுசு என்றேன். அளவு நோட்டில் அந்தப் பழமொழியை நான் அடிக்கவில்லை. அது என்ன பாவம் செய்தது? அளவு எடுக்காமல் ரவிக்கை வெட்டின மாதிரி, ஆளைப் பார்க்காமல் அதை எடுத்துப் போட்டது நான்தான். இப்போதெல்லாம் யாராவது ‘எனக்கு இது வரல’ என்றால் வாய் வரைக்கும் ஒரு சொலவடை வரும். அதை விழுங்கிவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கப் பழகி வருகிறேன்.

அன்றைக்கு அந்த பெஞ்சில், “என் மேல கோவம் இன்னும் போகலியா?” என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு டீ சொன்னார். கூட ஒரு காலி கிளாஸ் கேட்டு வாங்கினார். வலது கையால் விளிம்பு வரை நிறைந்திருந்த டீயை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் பாதியை ஊற்றி, கொஞ்சம் அதிகமாக இருந்ததை என் பக்கம் நகர்த்தினார்.