நனைந்த கயிறும் பத்து கஜமும்

1. படுத்த ஏணி

மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கோடு இழுக்கிறதாம். "யாருக்கு இப்போ கிரவுண்டு போடறீங்க?" என்று என் மனைவி மேரி கேட்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் மைதானங்களில் கோடு போடும் மார்க்கராக இருந்தவன் நான். ஆனால் கனவில் வருவது ஒரே மைதானம்தான். அதில் நான் வேலை பார்த்தது ஒரே ஒரு சீசன்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்த சமயம். பெங்களூர் கண்டோன்மெண்ட் முழுக்க வெள்ளைக்கார சிப்பாய்கள். அவர்களில் அமெரிக்காக்காரர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் கோல்மன் சார்ஜண்ட். எங்கள் காலேஜ் பையன்களுக்கு அவர் ஊர் ஃபுட்பாலைச் சொல்லித்தர ஆரம்பித்தார். அதற்குக் கோடு போடத்தான் என்னை டெம்பரரியாக வைத்தார்கள்.

முதல் நாள் டிரில் மாஸ்டர் சாமுவேல் சார் ஒரு காகிதத்தை நீட்டினார். நூறு கஜ மைதானம், ஐந்து கஜத்துக்கு ஒரு குறுக்குக் கோடு.

"சார், இது கிரவுண்டா, ஏணியா?"

"எனக்கு மட்டும் தெரியுமா? பேஜார் பண்ணாம போட்டுட்டு வா, அருளப்பா."

ஜீவனஹள்ளியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலையில் நடந்து வந்து, பனி மூட்டத்தில் சுண்ணாம்பு டின்னைத் தள்ளுவேன். அடுத்த கோடு எங்கே என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் போட்ட கோடும் தெரியாது. நான் மட்டும் மேகத்துக்குள் வேலை செய்வதுபோல் இருக்கும். எட்டு மணிக்கு வெயில் வந்து மூட்டம் விலகும்போது ஏணி மொத்தமும் பளிச்சென்று புல்லில் கிடக்கும். அந்த நிமிஷத்துக்காகவே வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

2. தலையணைப் படை

ஆட்டம் ரொம்ப சிம்பிள். பந்து கையிலிருக்கும் பக்கத்துக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. பத்து கஜம் ஆயிற்றா என்று சந்தேகம் வந்தால் இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றை வைத்து அளப்பார்கள். அந்தக் கயிறு என் பொறுப்பு.

சார்ஜண்ட் இரும்புச் சங்கிலி கேட்டார். சண்டைக் காலத்தில் இரும்புக்கு எங்கே போவது? நல்ல நூல் கயிறு வாங்கி, ஸ்டோர் ரூம் சுவரில் பத்து கஜத்துக்கு இரண்டு ஆணி அடித்து, தினமும் காலையில் அதில் மாட்டிச் சரிபார்ப்பேன்.

தோளுக்கு வைத்துக் கட்டும் மெத்தையும் கிடைக்கவில்லை. எங்கள் தெரு மெத்தைக்காரர் இலவம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். "சண்டைக்குப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?" என்று வேலி ஓரத்தில் நின்று ஜனங்கள் கேலி செய்தார்கள். கேப்டன் தேவராஜ், ரிச்சர்ட்ஸ் டவுன் பையன், "ரெண்டுக்கும்தான்" என்று சிரிப்பான்.

சிப்பாய்களின் டீமோடு ஐந்து மேட்ச். முதல் நாலிலும் தோற்றோம். பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: கடைசி மேட்சாவது ஜெயித்தால் அடுத்த வருஷமும் ஆட்டம் உண்டு, அருளப்பனும் பர்மனெண்ட், இல்லையென்றால் பழையபடி ஹாக்கி மட்டும்தான்.

மேரிக்கு அப்போது ஏழாம் மாசம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. ஐந்தாவது மேட்ச்

முதல் பாதியில் நல்ல வெயில். சிப்பாய்கள் ஒரு தடவை பத்து கஜத்துக்கு ஒரே ஒரு விரல் குறைந்து பந்தை இழந்தார்கள். என் கயிறுதான் அதைச் சொன்னது. ஆனாலும் இடைவேளைக்கு அவர்கள் ஆறு, நாங்கள் பூஜ்யம்.

இடைவேளை தொடங்கியதும் தூறல். கயிறு மைதானத்திலேயே கிடந்து நனைந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. கோடுகள் கரைந்து பாலாக ஓடின. பஞ்சு நனைந்து பையன்கள் தண்ணீர் மூட்டை சுமப்பவர்கள்போல் மெதுவாக ஓடினார்கள். எல்லாமே தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை.

கடைசி நிமிஷங்கள். எங்கள் நாலாவது வாய்ப்பு. தேவராஜ் பந்தோடு சேற்றில் விழுந்தான். அம்பயராக இருந்த கோல்மன் சார்ஜண்ட் கயிற்றைக் கேட்டார். இழுத்துப் பிடித்தோம். முட்டை வடிவப் பந்தின் மூக்கு என் கழியை இரண்டு விரல் தாண்டியிருந்தது!

அடுத்த ஓட்டத்திலேயே எல்லைக்கோட்டைத் தாண்டினான் தேவராஜ். அதற்கு ஆறு, பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்ததற்கு ஒன்று. ஏழுக்கு ஆறு. ஜெயித்துவிட்டோம். சாமுவேல் சார் என்னைக் கட்டிப் பிடித்து, "பர்மனெண்ட்டுப்பா!" என்று கத்தினார். நான் அழுதேவிட்டேன்.

ஸ்டோர் ரூமுக்கு வந்து, வழக்கம்போல் கயிற்றை ஆணியில் மாட்டினேன். இரண்டாவது ஆணிக்கு எட்டவில்லை. இழுத்தேன். ஒரு சாண் குறைந்தது.

ஈரத்தில் நூல் கயிறு சுருங்கும். துணி துவைக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். இடைவேளையில் ஒரு தடவை அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை. பின்னாலேயே வந்த சாமுவேல் சாரிடம், போய்ச் சார்ஜண்டிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு பக்கத்துக்கும் அதே கயிறுதானே!" என்றார் சாமுவேல் சார்.

"இல்ல சார். அவங்கள நிறுத்துனது காஞ்ச கயிறு. நம்மள தாண்ட விட்டது ஈரக் கயிறு."

"ஏழு மாசக்காரிய வீட்ல வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

வாசலில் தேவராஜ் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவனே கயிற்றைப் பிடித்து ஆணி வரைக்கும் இழுத்துப் பார்த்தான்.

"உங்க வேலை போயிடுமேண்ணே?"

"போவும், தம்பி."

"அப்ப நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்."

"என் கயிறுப்பா. நானே சொல்றேன். நீ கூட வா, போதும்."

இருவரும் மழையில் நடந்து போய்ச் சொன்னோம். சார்ஜண்ட் வந்து ஆணியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் ஏழும் அடிபட்டுப் போயிற்று. ஐந்துக்கு ஐந்தும் தோல்வி. அந்த மாசக் கடைசியில் நானும் வீட்டுக்கு.

4. சங்கிலி

மேரி திட்டவில்லை. "இடைவேளையில டீ குடிக்கப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம், போயிருந்தேன்.

சார்ஜண்ட் ஊருக்குப் போகும் முன் ஜீவனஹள்ளிக்கே தேடி வந்து ஒரு சாக்குப் பையைக் கொடுத்தார். உள்ளே இரும்புச் சங்கிலி. சரியாகப் பத்து கஜம், கஜத்துக்கு ஒரு வளையம். எங்கே பிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேலை கேட்டுப் போனேன். பழைய வேலை ஏன் போயிற்று என்று செக்ரட்டரி கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க பிட்ச்சை அளந்து காட்டு பார்ப்போம்" என்றார்.

அளந்தேன். இருபத்திரண்டு கஜத்துக்கு ஒரு சாண் குறைந்தது.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தானே குனிந்து ஒரு தடவை அளந்தார். அப்புறம், "நாளைக்குக் காலையில வந்துடு" என்றார்.

புதிதாக வரும் மார்க்கர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: காலையில் சரியாக இருந்தது என்று நம்பி டீ குடிக்கப் போகாதே. மழை பெய்தால் மறுபடி அளந்து பார்.

கனவில் மட்டும் நான் ஒரு நாளும் கயிற்றை அளப்பதில்லை. ஏழுக்கு ஆறு, ஜெயித்துக்கொண்டே இருக்கிறோம்.