துப்பாக்கிக்குக் குழல் தேடிய கதை

ராமநாதபுரம் பஜாரில் என்னை 'டூப்ளிகேட்டு' என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஸ்பேனர் பறக்கும். லேத்துப் பட்டறை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் எந்த விசைப்படகின் ஷாஃப்ட் வளைந்தாலும் என்னிடம்தான் வரும். அப்படியிருந்தும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். ஒரு விடுதிக்காரருக்குப் புதுப் பித்தளையில் திசைகாட்டிப் பெட்டி செய்து, புளியும் உப்பும் தடவி ஊறவைத்து, 'பழைய கப்பல் சாமான்' என்று கொடுத்துவிட்டேன். அடியில் லேத்துத் தடம் இருந்ததை மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தார். மானம் கப்பலேறியது.

அதற்குப் பிறகுதான் கீழக்கரைப் பாய் வந்தார். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். பூர்வீக வீட்டின் முன்னறையில், முன்னோர்கள் கடல் வாணிபம் செய்த காலத்துச் சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கப்பல்களில் சரக்குக்கு மாற்றாகக் கைமாறிய துப்பாக்கி ஒன்று அவருக்கு வேண்டும். சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கிற ரகம்.

"முழுசாப் பழசு கிடைக்காதுன்டு தெரியும் தம்பி. கிடைக்கிற பழசை வச்சுச் சேர்த்துக் குடுங்க. எது பழசு, எது புதுசுன்டு சொல்லிப்புடணும். பொய் மட்டும் வேணாம்."

என் பட்டப்பெயர் தெரிந்தேதான் வந்திருக்கிறார். அதுதான் என்னை உசுப்பிவிட்டது. "இதுல ஒரு பொய் இருந்துச்சுன்னா பட்டறை போர்டை நானே கழட்டிர்றேன் பாய்" என்றேன். காட்சிக்கு மட்டும், சுடாது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கிக்கொண்டோம்.

ஆரம்பத்தில் எல்லாம் கூடிவந்தது. கல்லைக் கவ்விப் பிடிக்கிற 'குதிரை'யும் அது உட்காரும் தகடும் கமுதியில், மூடிப்போன பஞ்சு மில் ஒன்றின் பழைய இரும்புக் குவியலில் கிடைத்தன. வில் உடைந்திருந்தது, புதிதாகச் செய்தேன். கல்லுக்கு அலையவே இல்லை. அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றி வந்து கரையில் கொட்டிய கற்கள் பாய் வீட்டுக் கிணற்றுச் சுவரிலேயே இருந்தன. ஒன்றைப் பெயர்த்து இரும்பில் தட்டினேன், பொறி பறந்தது.

துப்பாக்கியின் பக்கவாட்டில் பதிக்கிற பித்தளைப் பாம்பு கிடைத்ததுதான் வேடிக்கை. காரங்காட்டில் ஒரு படகு எஞ்சினைப் பார்க்கப் போயிருந்தேன். படகுக்காரர் வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது கண்ணில் பட்டது. மாதா சொரூபத்தின் காலடியில் செதில் செதிலாக ஒரு பாம்பு. உடம்பில் இரண்டு திருகாணி ஓட்டைகள். சாத்தான் பாம்பு என்று நினைத்து எந்தத் தலைமுறையிலோ அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன்.

"மாதா மிதிக்கிற பாம்பை நீங்க தூக்கிட்டுப் போயிட்டா, அவுக எதை மிதிப்பாக?"

நியாயமான கேள்வி. அதே அளவில் புதுப் பாம்பு ஒன்று செய்து, பளபளவென்று மெருகேற்றிக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் லட்சணமா இருக்கு. மிதிபடுற சனியன் பழசா இருந்தா என்ன, புதுசா இருந்தா என்ன? அதை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

குழல்தான் கிடைக்கவில்லை. கடலாடி, கமுதி என்று பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். "துப்பாக்கி எல்லாத்தையும் வெள்ளைக்காரன் அப்பவே பிடுங்கிட்டுப் போயிட்டான்" என்பதுதான் எங்கேயும் பதில். மூன்று மாசம் ஓடியது. பாய் போனில், "அவசரமில்ல தம்பி, மெதுவாப் பாருங்க" என்பார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பழைய புத்தி எட்டிப்பார்த்தது. நல்ல கனமான குழாய் ஒன்றை எடுத்து, லேத்துத் தடம் தெரியாமல் கையாலேயே அரம் போட்டேன். உப்பளத்துச் சேற்றை அப்பி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லையில் புதைத்தேன். நாற்பது நாளில் இருநூறு வருஷத்துத் துரு ஏறிவிடும். இந்தத் தடவை எவன் கண்டுபிடிப்பான் பார்ப்போம் என்று திமிராகத்தான் இருந்தேன்.

கண்டுபிடித்தது என் மனைவி. கொல்லையில் அவளுக்கு ஒரு விறகடுப்பு உண்டு. கேஸில் டீ மட்டும்தான் போடுவாள், குழம்பும் பனங்கிழங்கும் விறகில்தான். அடுப்புச் சாம்பலைக் கொட்டப் போனவள் சாக்கைப் பார்த்துவிட்டாள்.

"என்னத்தைப் புதைச்சு வச்சிருக்கீக?"

"ஷாஃப்ட்டு."

"ஷாஃப்ட்டுக்கு எதுக்கு உப்பு வைத்தியம்? அந்தத் திசைகாட்டிக்கும் இப்படித்தான் எங்கிட்ட புளி கேட்டீக."

சாக்கின் மேல் மண்ணைத் தள்ளி மூடப்பார்த்தேன். அவள் விடவில்லை.

"டூப்ளிகேட்டுன்னு சொன்னா நீங்க ஸ்பேனரை எறிவீக. தண்ணி பிடிக்கிற இடத்துல என்னைய டூப்ளிகேட்டு பொண்டாட்டிங்கிறாளுக. நான் எதை எறிய?"

இத்தனை நாளாக அந்தப் பெயரை நான் மட்டும் சுமப்பதாக நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்படி என்ன கிடைக்காத குழா அது?" என்றாள் கொஞ்சம் தணிந்து. சொன்னேன். பின்பக்கம் எட்டுப் பட்டையாக இருக்கும், போகப்போக உருண்டையாகிவிடும். பின்பக்கத்தில், பொறி உள்ளே போவதற்குப் பக்கவாட்டில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும்.

அடுப்புப் பக்கம் போனாள். கரிபிடித்த ஊதாங்குழலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இதுவா பாருங்க."

எட்டுப் பட்டை. பக்கத்தில் ஓட்டை. முன்பாதியை மட்டும் எவனோ அறுத்திருந்தான். கல்யாணமான புதிதில், கமுதிப் பக்கம் அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. 'ஓட்டையில காத்துப் போகுது, அடைச்சுக் குடுங்க' என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். 'ஷாஃப்ட்டு பாக்குறவன்டி நான், ஊதாங்குழல் பாக்குறவன் இல்ல' என்று ஒவ்வொரு தடவையும் விரட்டியிருக்கிறேன். அதனால் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே ஊதப் பழகிவிட்டாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஒருவிதத்தில் நல்லதுதான். அன்றைக்கே வாங்கியிருந்தால் ஓட்டையை அடைத்து, பட்டையையும் சீவித் தள்ளியிருப்பேன்.

"குடுத்துர்றியா?" என்று கேட்டேன்.

குழலில் படிந்த கரியை முந்தானையால் துடைத்தாள். "எங்கம்மா கையில இருந்து வாங்கினதுல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எடுத்துக்கங்க. பொய் மட்டும் வேணாம்."

குழலின் முன்பாதியைப் புதிதாகக் கடைந்து சேர்த்தேன். இணைப்பை மறைக்கவில்லை. பின்வாயை மரத்தக்கையால் அடைத்தேன். வேலை முடிந்து கீழக்கரைக்குக் கிளம்பியபோது, அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளும் கூடவே வந்தாள்.

பாயிடம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். குதிரை பழசு, வில் புதுசு. பாம்பு பழசு, பிடிக்கிற மரக்கட்டை புதுசு. குழலில் பின்பாதி பழசு, முன்பாதி புதுசு.

"குழல் எங்கன கிடைச்சுச்சு?"

"என் வீட்டு அடுப்புல, பாய்."

அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, பொய் வேணாம்னுதான சொன்னேன்" என்றார் மெதுவாக.

எனக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது. ஆயுசில் ஒரே ஒரு தடவை முழு உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அதற்கா இப்படி? நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள்.

"குழாயை மட்டும் கழட்டித் தாங்க" என்றாள் என்னிடம். ஆணிகளைத் தட்டித் தக்கையையும் உருவிக் கொடுத்தேன்.

பாய் முன்னால், கொல்லையில் அடுப்புக்கு உட்காருவது போலவே தரையில் குத்தவைத்தாள். குழலை வாயில் வைத்தாள். பார்க்காமலே கட்டைவிரல் ஓட்டைக்குப் போனது. அங்கே இரும்பு லேசாகக் குழிந்திருந்தது. எத்தனை பெண்களின் விரல் பட்டுத் தேய்ந்ததோ, அவள் விரல் அதில் அப்படியே உட்கார்ந்தது. ஊதினாள். நடுக்கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

பாய் குழலை வாங்கித் தன் விரலையும் அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். "மன்னிச்சுக்கங்க தம்பி." அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "உங்கம்மா பேரைச் சொல்லுங்கம்மா, சீட்டுல எழுதி வைக்கிறேன்" என்றார். அவள் சொன்னாள். இப்போதும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் என் பெயர் இல்லை, மாமியார் பெயர்தான் இருக்கிறது.

மறுநாள் கொல்லையில் புதைத்த குழாயைத் தோண்டி எடுத்து, துருவைச் சுரண்டி, அவளுக்குப் புது ஊதாங்குழலாக்கிக் கொடுத்தேன். ஒரு சொட்டுக் காற்று கசியாது. இரண்டு ஊது ஊதியவள் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்க. இதுல விரலை எங்கன வைக்கிறது?"

பட்டறைக்கு எடுத்துப்போய் அளந்து, அதே இடத்தில் ஓர் ஓட்டை போட்டேன். அவள் அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தாள்.