மெயிலுக்கும் பாடு வைத்த கதை

பிள்ளைகளே, கம்ப்யூட்டரில் ஒரு மெயில் காணாமல் போனால் எப்படித் தேடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியாது. நான் எட்டாவது வரை படித்துவிட்டுக் கடலுக்குப் போனவன். ஒரே ஒரு மெயிலுக்காக எங்கள் குப்பத்தில் ஏரிக்குள் நின்ற ஆறு பேரை வேலையை விட்டுக் கரையேற்ற வேண்டியதாயிற்று. அது எப்படி ஆயிற்று என்பதை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் கழி ஊன்றி இறால் வலை கட்டிவிட முடியாது. இந்த இடம் இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாட்டு நாளில் உன் வலையில் விழுவதெல்லாம் உனக்கு. அடுத்தவன் பாட்டில் தங்கமே மிதந்தாலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஊர் கூடிவிடும். நம்முடைய மிதவையோ வலைத் துண்டோ அடித்துக்கொண்டு போய் அடுத்தவர் பாட்டில் கிடந்தால், அவர்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்குக் 'கொழம்புக்கு' என்று நாலு மீன் தருவது மரியாதை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தது. சங்கக் கட்டடத்தில் அதை வைத்தோம். கட்டடம் எங்கள் வீட்டுக்கு அடுத்தது என்பதால் சாவி என்னிடம். ஊர் முழுவதற்கும் ஒரே மெயில் முகவரி. அதைப் பயன்படுத்த மூன்று கூட்டம்: கடலுக்குப் போகிற நாங்கள், என் மச்சான் தலைமையில் ஏரிக்காரர்கள், என் மனைவி தலைமையில் பெண்கள் குழு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன்.

என் மகள் மீஞ்சூரில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், மெயில் வந்து விழுகிற இடம் இன்பாக்ஸ் என்றும், பக்கத்தில் ஃபோல்டர் என்று நாமே அறைகள் கட்டிக்கொள்ளலாம் என்றும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன வாரமே சண்டை வந்தது. ஏரிக்காரர்களுக்கு வந்ததைக் கடல்காரர்கள் படித்தார்கள், பெண்களுக்கு வந்ததை எவரோ அழித்தார்கள். ஊர் கூடிப் பேசியது. எங்கள் ஊருக்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதானே! மெயிலுக்கும் பாடு வைத்தோம்.

திங்களும் வியாழனும் கடல்காரர்கள், செவ்வாயும் வெள்ளியும் ஏரிக்காரர்கள், புதனும் சனியும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வருவது ஊருக்குப் பொது. அவரவர் பாட்டில் என்ன விழுந்ததோ அதை மாலைக்குள் அவரவர் அறைக்குள் தள்ளிவிட்டு, இன்பாக்ஸைக் கழுவின படகு மாதிரி சுத்தமாக விட்டுப் போக வேண்டும். அடுத்தவர் அறையைத் திறந்து பார்க்கக் கூடாது.

எல்லோருக்கும் பரம திருப்தி. வருத்தம் எங்களுக்கு மட்டும்தான். எங்கள் பாட்டில் விழுந்ததெல்லாம் 'உங்களுக்குக் கடன் வேண்டுமா', 'முடி கொட்டுகிறதா' என்ற விளம்பரங்கள்தான். "ஏரிக்காரனுக்கு மட்டும் நல்ல நல்ல மெயிலா வுழுது. சீட்டுலயே இன்னாவோ பண்ணிட்டான்" என்று எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு பெரிய உணவுத் திருவிழா நடக்க இருந்தது. கடை போடுகிறோம் என்று என் மனைவியின் குழு விண்ணப்பித்திருந்தது. இடம் கிடைக்கும் என்ற தைரியத்தில் அவர்கள் இறால் தொக்குக் கிண்டி, பாட்டில் பாட்டிலாக அடைத்து, எங்கள் வீட்டில் அடுக்கிவிட்டார்கள். கட்டிலுக்குக் கீழே தொக்கு, டிவிக்குப் பின்னால் தொக்கு. காலை நீட்டினால் பாட்டில் உருளும். நான் ஒரு மாதமாகக் காலை மடக்கியே தூங்கினேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. இதே விழாவுக்கு விண்ணப்பித்திருந்த பக்கத்து ஊர் சுண்ணாம்புக்குளத்துப் பெண் ஒருத்தியைப் பஸ்ஸில் பார்த்துவிட்டு, மத்தியானம் மூச்சு வாங்க வந்தாள் என் மனைவி.

"இன்னாய்யா, அவங்களுக்கு செவ்வாக்கெயமயே மெயிலு வந்துட்சாம். இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள வரோம்னு பதிலு போடலன்னா கடைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். நம்புளுது எங்க?"

"வந்துருந்தா நீதான பாத்துருக்கணும்?"

"நேத்து என் பாட்டுல அது வரலியே! தொற கதவ."

கதவைத் திறந்தேன். விழா அலுவலகத்துக்குப் போன் போட்டால் எப்போதும் பிஸி. ஆகவே மகளுக்குப் போன் போட்டு, அதை மேசைமேல் வைத்து, சத்தத்தை ஏற்றினோம். அவள் அங்கே வேலைக்கு நடுவில் கிசுகிசுத்தாள். நாங்கள் இங்கே கடலில் கூப்பிடுவது போலக் கத்தினோம்.

"நைனா, மெதுவா பேசு. என் ஆபீசு முழுக்க தொக்கு வாசன அடிக்குது. இன்பாக்ஸ்ல இன்னா தெரியுது?"

"ஒண்ணே ஒண்ணு. முடி கொட்டுதான்னு கேக்குறான்."

"மேல புனல் மாதிரி ஒரு படம் தெரியுதா? அது அழுத்தி இருக்குதா பாரு. அழுத்தி இருந்தா படிக்காத மெயில மட்டும்தான் காட்டும்."

இருந்தது. டீசல் ஊற்றுகிற புனல் போலவே இருந்தது. அதை அமுக்கினேன். இன்னும் ஏழெட்டு மெயில் வந்து கொட்டியது. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பார்த்தால், படித்து முடித்த பழைய விளம்பரங்கள். எங்கள் ஆட்கள் திங்கட்கிழமை மாலை சரியாகக் கழுவவில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்துபோனது.

"சரி, தேதி வரிச தலகீழா இருக்கப் போவுது. புதுசெல்லாம் அடியில கெடக்கும். கீழ வரிக்கும் போ."

போனேன். இல்லை.

"ஸ்பாம்னு ஒண்ணு இருக்கும். அதுல பாரு."

அதற்குள் போனால், பிள்ளைகளே, அது மீன் ஏலம் முடிந்த பிறகு கரை கிடக்குமே, அப்படிக் கிடந்தது. வெளிநாட்டில் யாரோ செத்துப்போய் எனக்குச் சொத்து எழுதி வைத்ததாக நாலு பேர் எழுதியிருந்தார்கள். நான் நின்று படிக்க ஆரம்பித்தேன்.

"சொத்து அப்புறம் வாங்கிக்கலாம். தொக்கப் பாருய்யா!" என்று தோளில் ஒன்று வைத்தாள் மனைவி.

குப்பைத் தொட்டியிலும் இல்லை. கடைசியாக, மெயில் பட்டியல் கெட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு என்று மகள் சொன்னாள். மவுஸ் என்கிற எலியை ஃபோல்டர்மேல் வைத்து வலது பக்கம் அமுக்கி, விவரத்துக்குள் போய், அதையும் தட்டினேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. யோசித்துவிட்டு, முடி கொட்டுகிறதா என்றே கேட்டது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் குழுப் பெண்களுக்கும் அது முதல் கடை. ஊருக்கு வெளியே தங்கள் கையால் செய்ததை விற்பது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலைத் தாண்டியிருந்தது.

போனில் மகள் கேட்டாள்: "நைனா, இன்பாக்ஸ்ல செவ்வா, புதனு மெயிலே ஒண்ணும் இல்லியா? எப்பிடி இல்லாம போவும்?"

"அது எப்பிடி இருக்கும்? செவ்வாய் மெயிலு ஏரிக்காரன் அறையில. புதன் மெயிலு அம்மா அறையில."

"இன்னா அறை?"

பாடு வைத்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மேசையில் தலை முட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"நைனா! செவ்வாக்கெயம வந்ததுன்னு அம்மா மொதல்லயே சொல்லிச்சில்ல? மாமா அறையிலதான் இருக்கும். பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்கும் பாரு, தட்டுனா தொறக்கும். தொற."

அம்புக்குறி இருந்தது. எலியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் விரல் அமுங்கவில்லை.

"இன்னா ஆச்சு?"

"அது மாமாவோட பாடும்மா."

"மெயிலு மீன் கெடயாது நைனா!"

"நான் தொறக்கறேன், தள்ளு" என்று மனைவி எலியைப் பிடுங்கினாள்.

"தொற. நாளைக்கி உங்கண்ணன் நம்ம பாட்டுல கழி ஊனுவான். அப்ப ஊருல நின்னு இன்னா பேசுவ?" என்றேன்.

அவளும் இந்த ஊர்க்காரிதானே. எலியை மேசையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நேரே ஏரிக்கரைக்குப் போனாள்.

அண்ணன் எட்டத்தில் இடுப்புத் தண்ணீரில் நின்று வலை கட்டிக்கொண்டிருந்தார். மெயில் என்று கூப்பிட்டால் வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே இரண்டு கையையும் வாயில் குவித்து, "ண்ணா! பாட்டுத் தகராறு!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள்.

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் சோற்றில் வைத்த கையையும் எடுத்துவிட்டு வருவார்கள். ஏரிக்காரர்கள் ஆறு பேரும் கழியைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்தார்கள். ஈர லுங்கியோடு சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள்.

"எவன் நம்ம பாட்டுல கைய வெச்சான்?" என்றார் மச்சான்.

"ஒருத்தனும் வெக்கல. உன் பாட்டுல என் மெயிலு ஒண்ணு வுழுந்து கீது. எடுத்துக் குடு" என்றாள் தங்கை.

"செவ்வாக்கெயம வுழுந்ததா?"

"ஆமா."

"அப்ப அது ஏரிக்காரங்களுது. சீட்டுப் போட்டு வாங்குன பாடு. தங்கச்சின்னு சட்டத்த மாத்த முடியுமா?"

"அதுல எங்க குழு பேரு கீதுண்ணா!"

"பேராவது ஊராவது! மீனு மேல பேரு எழுதிக்கினா வருது?"

"இதுல எழுதிக்கினுதான வருது!"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாடு வைத்த நாளில் ஊரில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அது. பின்வரிசையில் நின்ற ஒரு ஏரிக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு, "மச்சி, அது நாயம்தான். பேரு போட்ட மிதவ மாதிரி. குடுத்துரணும்" என்றார்.

"சீக்கிரம் மாமா, அஞ்சு ஆவப் போவுது!" என்று மேசையிலிருந்து போன் கத்தியது.

மச்சான் ஈரக் கையை என் சட்டையில் துடைத்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினார். அறை திறந்தது. மேலேயே இருந்தது மெயில். 'உணவுத் திருவிழாவிற்கு அன்புடன் அழைக்கிறோம்.' கீழே குழுவின் பெயர். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று உடனே தெரிவிக்கவும்.

"பதிலு போடு, பதிலு போடு" என்று மனைவி என் முதுகைப் பிறாண்டினாள்.

அப்போதுதான் மச்சான் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் நான் அன்னிக்கே போட்டுட்டேன்" என்றார்.

அதே மெயிலுக்குக் கீழே அவருடைய பதில் இருந்தது. ஒற்றை விரலால் அடித்தது. 'ஆறு பேர் கட்டாயம் வருகிறோம். எல்லோரும் நன்றாகச் சாப்பிடுவோம்.' அதற்கு விழாக்காரர்கள் அன்றைக்கே எழுதியிருந்தார்கள்: 'மகிழ்ச்சி. உங்கள் கடை உறுதி செய்யப்பட்டது. ஆறு பேருக்கும் மதிய உணவு உண்டு.'

போனில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யாரோ புண்ணியவான் விருந்துக்குக் கூப்டுறான்னு நெனச்சோம்" என்றார் மச்சான். "வெளிய சொன்னா ஊரே கெளம்பிடும்னு சொல்லல."

மனைவி அண்ணனை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் கோணியது. சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும்தான் நான் மூச்சு விட்டேன். மெயிலை ஒளித்து வைத்ததும் எங்கள் பாடுதான், கடையைக் காப்பாற்றியதும் அதே பாடுதான். அன்றைக்கு மச்சானுக்குச் சாப்பாட்டு ஆசை மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் காலை மடக்கித்தான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

"ஆறு பேருன்னு எழுதிட்ட. நாங்க நாலு பொம்பளைங்க. மீதி ரெண்டு நீயும் இவரும். பொட்டி தூக்க ஆளு வோணும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தூக்கினோம். விழாவில் கூட்டம் எங்கள் கடையைத் தாண்டித் தாண்டிப் போனது. பெண்கள் கூச்சப்பட்டு நின்றார்கள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் ஏறாத குறையாக நின்று, கரையில் இறால் ஏலம் விடுகிற அதே குரலில் தொக்கை ஏலம் விட ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கூடினார்கள். ருசி பார்த்தவர்கள் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்கு மேல் மேசை காலி. மச்சானும் சொன்னபடியே நன்றாகச் சாப்பிட்டார்.

மெயில் பாட்டை நாங்கள் விடவில்லை. வழக்கம் என்றால் வழக்கம். ஆனால் மாலையில் அறைக்குள் தள்ளுவதற்கு முன்னால், எந்தப் பெயருக்கு வந்தது என்று வாசலில் நின்று சத்தமாகப் படித்துவிட வேண்டும் என்று ஊர் கூடிச் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏரிக்காரர்கள் பாடு. மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, என் பாட்டுல உன் மெயிலு ஒண்ணு வுழுந்துது. அடுத்த வருசமும் கடைக்குக் கூப்டுறாங்க. வந்து எடுத்துக்க."

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"இன்னும் இன்னாண்ணா?"

"கொழம்புக்கு?" என்று கையை நீட்டினார்.

கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கடைசித் தொக்குப் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது நான் எனக்காக ஒளித்து வைத்திருந்தது.