குண்டு பல்பில் தெரியாத மஞ்சள்

மும்பை தாராவியில் கணவர் வீட்டில் இருக்கிறேன். லேப் டெக்னீஷியன் வேலை. முதல் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், கண் பட்டுவிடும் என்று மாமியார் எங்களை உள்ளறையில் வைத்து ஜன்னலுக்குத் திரை போட்டார். வெளிச்சத்துக்கு ஒரு மஞ்சள் குண்டு பல்ப். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ், "இந்தக் காலத்துலயும் இதெல்லாமா?" என்று சத்தம் போட்டதால், மறுமுறை வந்தபோது மாமியார் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

குழந்தை எந்நேரமும் தூங்கினான். எழுப்பினாலும் சரியாகப் பால் குடிக்கவில்லை. "சமத்துப் புள்ளல்லா, தூங்கட்டும்" என்றார் மாமியார். பால், ஈரத்துணி, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக மனதில் சரிபார்த்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்து வேறொரு நர்ஸ் வந்தார். எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துப் பெண்.

"மாமி, வெளியாள் கண்ணு படக் கூடாது, அவ்வளவுதான? கதவச் சாத்திக்கிடுங்க. திரைய மட்டும் விலக்குனா புள்ள நிறத்தப் பாத்திரலாம்."

"நீயும் வெளியாள்தானம்மா?"

"அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் திரும்பி நிக்கேன்."

மாமியார் திரையை விலக்கிக் குழந்தையைத் தூக்கிப் பிடித்தார். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கண்ணு வெள்ளையெல்லாம் மஞ்சளா கெடக்கு. நீயே வந்து பாரும்மா" என்றார்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மஞ்சள் காமாலையைக் குறைக்கும் நீல விளக்கின் கீழ் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றார் டாக்டர். மஞ்சள் காமாலைக்குத் தினமும் ரத்தம் பரிசோதிக்கும் எனக்கே, அந்த மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அது தெரியாமல் போயிருந்தது.

இப்போது பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைக் காட்டச் சொல்லி நான் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பெரியவரிடமே, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருக்கிறேன்.