ரெனாட்டோ செருகிய மூலை

மலையாளத் தலைநகரின் ரயிலடியான தம்பானூரில் லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தருகிற பால்பாண்டிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் பதினான்கு வருடம் கரீபியன் கடலில் போனது. ஆனால் கடலை அவர் பார்த்தது சொற்பம். உல்லாசக் கப்பலின் சலவைக்கூடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. அலை பெரிதென்றால் கால்தான் சொல்லும். மூவாயிரம் பயணிகளின் அழுக்கு அங்கே வந்து குவியும்.

பக்கத்து மெஷினில் நின்றவர் ரெனாட்டோ, பிலிப்பைன்ஸ்காரர். மேல்தளத்து நீச்சல்குளத்தில் சுருட்டி வைக்கும் துண்டுகள் காற்றில் அவிழ்ந்து பறப்பதாக ஒருமுறை புகார் வந்தது. காற்றே நுழையாத அந்தக் கூடத்தில் நின்று யோசித்து வழி கண்டவர் அவர்தான். சுருட்டிய துண்டின் இரு மூலைகளையும் இரு பக்கத் துளைக்குள் செருகிவிட்டார். அப்புறம் புயலுக்கும் அவிழவில்லை.

2020இல் கொரோனா வந்து பயணிகள் இறங்கிப் போக, ஊழியர்கள் கப்பலிலேயே அடைபட்டார்கள். ஒருநாள் மூச்சுத் திணறலோடு ரெனாட்டோவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதைக் கதவிடுக்கு வழியாகப் பால்பாண்டி பார்த்தார். அவ்வளவுதான். போன் எண் பிறகு உயிர்பெறவே இல்லை. ஊருக்கு அனுப்பப்பட்ட பால்பாண்டி கப்பலுக்குத் திரும்பவில்லை; ஒரே கேள்வியோடு வருடங்கள் ஓடின. அவன் இருக்கிறானா?

ஃப்ளோரிடாவில் நர்ஸாக இருக்கும் மகள் சுஜா, அப்பா அம்மாவை வரவழைத்து அதே கப்பலில் ஏழு நாள் பயணத்துக்குப் பதிவு செய்தாள். கிளம்புமுன் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் பால்பாண்டியின் மனைவி வடிவம்மாள் கைகூப்பினாள். "அந்த அண்ணன் உசிரோட இருந்தா பதினொரு தேங்கா ஒடைக்கோம், பிள்ளையாரே."

பத்தாம் மாடி பால்கனிக் கதவைத் திறந்ததும் பால்பாண்டி அப்படியே நின்றுவிட்டார். பச்சை, நீலம், அதற்கப்பால் பெயர் தெரியாத ஒரு நிறம். பறவைக்கோலா மீன்கள் கூட்டமாய் எழும்பி, வெள்ளியாய்ச் சிதறி விழுந்தன.

"எந்தா, மிண்டாம நிக்கீங்க?" என்றாள் வடிவம்மாள்.

"இதுக்கு நடுவுலயா இருந்தோம்? எனக்குத் தெரியாமப் போச்சேடி."

மறுநாள் நீச்சல்குளத்தருகே அடுக்கியிருந்த துண்டு ஒன்றை எடுத்தார். இரு மூலையும் உள்ளே. இன்னொன்று, பத்து, இருபது. எல்லாமே அப்படித்தான்.

அங்கிருந்த ஊழியன் சிரித்தான். "எல்லாரும் இப்படித்தான் சுருட்டுவோம், சார். யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியாது."

இருப்பது ரெனாட்டோவா, அவர் செருகல் மட்டுமா? ஊழியர் விவரம் சொல்வதற்கில்லை என்று வரவேற்பறையில் கைவிரித்தார்கள். கீழ்த்தளத்துக்குப் பயணிகள் போக முடியாது. ஆனால் சலவைக்காரர்களின் நேரம் பால்பாண்டிக்கு மனப்பாடம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் ஒன்றரைக்கு வெளியே விடுவார்கள், இலவச வைஃபை தேடி துறைமுக வாசலருகே இருக்கும் கடைக்கு ஓடுவார்கள், மூன்றரைக்குத் திரும்புவார்கள்.

செயின்ட் மார்ட்டின் தீவில் ஐந்து கப்பல்கள் அருகருகே நின்றன, ஐந்து தம்பானூர்களை நிமிர்த்தி நட்டதுபோல. சுற்றிப் பார்க்கப் போன கூட்டத்தை விட்டுவிட்டு பால்பாண்டி வாசலில் உட்கார்ந்தார்.

"இம்புட்டு தூரம் வந்துட்டு வெறுதே கேட்டுக்குக் காவல் கெடக்கணுமா? நல்ல ஆளுதான் கேட்டோ!" என்ற வடிவம்மாளும் நகரவில்லை.

ஊழியர்கள் திமுதிமுவென்று வந்தார்கள், போனார்கள். கடைசியில் தலை முழுக்க நரைத்த ஒரு குள்ள மனிதர். பால்பாண்டி எழுந்து வழிமறித்தார். அவர் ஒதுங்கி நின்று, நெஞ்சில் கை வைத்துப் புன்னகைத்தார். "குட் ஆஃப்டர்நூன், சார்."

கழுத்தில் பயணி அட்டை தொங்கினால் கப்பல் ஊழியரின் கண்ணுக்கு முகம் தெரியாது, அட்டைக்குத்தான் வணக்கம். பால்பாண்டியும் அப்படி வணங்கியவர்தான். இருக்கிறான், இருக்கிறான் என்று உள்ளே அடித்துக்கொண்டது. பையிலிருந்த குளத்துத் துண்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் விரித்தார். சுருட்டினார். இரு மூலையையும் செருகி நீட்டினார்.

ரெனாட்டோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது மூலை தொளதொளன்னு இருக்கு," என்றார் கப்பல் இங்கிலீஷில். "இவ்வளவு மோசமாச் செருக ஒருத்தனாலதான் முடியும்." பிறகுதான் நிமிர்ந்தார். "பாண்டி!"

கட்டிப்பிடித்ததில் அட்டை நடுவில் நசுங்கியது.

"போன் என்னடா ஆச்சு?"

"சட்டைப் பையோட மெஷினுக்குள்ள போயிடுச்சு."

"பையப் பாத்துப் போடுன்னு என்னைய தெனம் வஞ்சவன் நீ!"

ரெனாட்டோ வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். பிறகு கேட்டார், "மேலேர்ந்து பாத்தா எப்படி இருக்கு?"

பால்பாண்டி போனை எடுத்தார். பால்கனியில் எடுத்த வீடியோவைக் காட்டினார். இருவரும் தலை முட்ட அதையே பார்த்தார்கள். "அங்க ஒரிஜினலே கெடக்கு, திரும்பிப் பாருங்க," என்றாள் வடிவம்மாள்.

மூன்றரைக்கு இருவரும் ஒரே கப்பலுக்குள் இரண்டு வாசல் வழியாக ஏறினார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் பழவங்காடியில் தேங்காய்கள் சிதறின. வடிவம்மாள் பிடித்திருந்த போனில் ரெனாட்டோ. பின்னால் மெஷின் இரைச்சல்.

"யார் மேல இவ்வளவு கோபம், பாண்டி?"

"எல்லாம் ஒனக்குத்தான். இந்தா, இது ஒம் போனுக்கு!"

பதினொன்று முடிந்ததும் வடிவம்மாள் போனை உயர்த்தினாள். கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டைக்கு மேலே வானம் செக்கச் சிவந்து கிடந்தது. ரெனாட்டோவின் முகம் திரையை நெருங்கி வந்தது. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.