கோபுரம் இல்லாத சீட்டுக்கட்டு

மேசையை மறுபடியும் நகர்த்துகிறாள் ஓர்னெல்லா. காலையிலிருந்து இதே வேலை. வெயில் பட்டால் சுவரோரம், நிழல் விழுந்தால் என் காப்பிக் கடை வாசல். மிலானில் எங்கள் பிரேரா சந்தில் தாரோ சீட்டுப் போட்டுக் குறி சொல்கிற மற்றவர்கள் எல்லாம் போட்ட இடத்தில் கிடப்பார்கள். இவளுக்குத்தான் இருப்புக் கொள்ளாது. நடுநடுவே கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொள்வாள்.

புத்தகத்தை அல்ல, படத்தைத்தான் படிப்பாள். அரிவாளோடு எலும்புக்கூடு வரும் சீட்டைக் கண்டு யாராவது வெளிறிப்போனால், "அது மூஞ்சிய ஏன் பாக்குறே? கீழ பாரு. வெட்டின எடத்துலயே புல்லு முளைக்குது," என்பாள். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறவனுக்கும் அவளிடம் நியாயம் உண்டு. "கால மட்டும்தானே கட்டியிருக்கு? யோசிக்கிறான், விடு."

ஆனால் மின்னல் வெட்டி, உச்சி பெயர்ந்து, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிற கோபுரச் சீட்டை அவள் மேசையில் யாரும் பார்த்ததில்லை. அது அவள் கோட்டின் உள்பையில் இருந்தது. மகன் ஈவோ பழைய தேவாலயங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். அவன் அந்த வேலைக்குப் போன அன்றே சீட்டை உருவி ஒளித்துவிட்டாள். இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"விழாத சீட்டு யாரையும் தள்ளிவிடாது. நீ போய் உன் காப்பியப் பாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் காற்றடிக்கும் நாளில் அவள் கை அந்தப் பையைத் தடவுவதைப் பார்த்தால் சண்டை போட மனசு வராது.

நேற்று பேய்க்காற்று. தெல்ஃபினா வந்தாள். போன வருஷம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்க வந்தவள். நல்ல சீட்டுகளாக விழுந்ததில், "தாராளமா பண்ணிக்கோ," என்று அனுப்பி வைத்தவள் ஓர்னெல்லாதான். இப்போது தெல்ஃபினாவின் கன்னம் கன்றிப்போயிருந்தது.

"திரும்பி வான்னு அழுவுறாருக்கா. போகட்டுமா?"

சீட்டைக் கலைக்கப் போன ஓர்னெல்லா அந்தக் கன்னத்தையே பார்த்தாள். "இரு கண்ணு," என்று உள்பையிலிருந்து கோபுரத்தை எடுத்தாள். கட்டின் நடுவே செருகினாள். மூன்று சீட்டுகள் போட்டாள். மூன்றாவது கோபுரம். ஓர்னெல்லாவுக்கு நேர்முகமாக விழுந்தது. சீட்டு பார்க்கிறவள் பக்கம் எப்படி விழுகிறதோ அதுதான் பலன்.

"போகாத. போன தடவையே இது உனக்கு விழுந்திருக்கணும். நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்."

"ஏன்க்கா அப்படிப் பண்ணுனீங்க?"

"எம்புள்ள உசரத்துல நிக்கிறான்டி."

தெல்ஃபினா அந்தச் சீட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "எங்கம்மா வீட்டுக்கே போயிடுறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஓர்னெல்லா சீட்டைத் தொடவில்லை. அதைத் திருப்பி வைத்தால் அது பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு மேசையின் எதிர்ப்பக்கம் போனாள். அங்கிருந்து பார்த்தால் கோபுரம்தான் தலைகீழ்; அந்த இருவரும் தலைநிமிர்ந்து இருந்தார்கள். காற்று சீட்டைத் தூக்கப் பார்த்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் ஓரங்களை அழுத்திக்கொண்டாள். சாரத்திலிருந்து ஆட்கள் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அதை எடுக்க ஒரு கையைக்கூட அவள் விடவில்லை.